இல்லறத்தை எழுதிய பத்திரிகாசிரியர்

நம் சங்க வெளியீட்டை வாங்கும் இல்லங்கள் பலவற்றில் முன்கட்டிலே தறியும் பின்கட்டிலே அடுக்களையும் அமைந்திருத்தலைக் காண்கின்றோம். ஒரு கூரையின்கீழ்த் தொழிலும் குடும்பமும் ஒருங்கே நடத்தல் நம்மவர்க்குப் பழகிய வாழ்க்கை. ஆதலின், குடும்பம் என்னும் பொருளைப் பத்திரிகை எழுத்துக்கு உரிய பெரும்பொருளாக்கிய ஒருவரது வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் திருவாரூர் விருத்தாசலக் கலியாணசுந்தரனார், திரு. வி. க. என்று தமிழகம் அழைத்த பெருமகனார்.

அவரைத் தொழிலாளர் தலைவரென அறிவார் பலர். நம் காஞ்சிமாநகரத்தாரோ அவரை வேறொரு நிகழ்ச்சியால் நினைவுகூர்வர். 1925 நவம்பரில் இந்நகரில் நடைபெற்ற தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மாகாண மாநாட்டுக்குத் தலைமை பூண்டவர் அவரே. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அங்கே தடுக்கப்பட்டமையால் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் வெளியேறிய செய்தியும் யாவரும் கேட்டதே. அவ்வழக்கில் நியாயம் எப்பக்கத்தது என்று ஆராய்தல் இக்கட்டுரையின் வேலையன்று. மாநாடு முடிந்து ஈராண்டு கழிந்தபின் அவர் வெளியிட்ட நூலொன்றும், அந்நூலுக்கு நிலைக்களனாகிய அவரது வாழ்க்கையுமே எமக்கு வேண்டுவன.

நம் காஞ்சியும் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், துள்ளம் என்னும் சிற்றூரில், 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் விருத்தாசல முதலியார், அன்னையார் சின்னம்மாள், தமையனார் உலகநாதர். சென்னை இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிற் பயின்றுவருங்கால் முடக்குநோய் பற்றிப் படிப்பு இடையறவுபட்டது. நோய் தீர்ந்து மீண்டும் பள்ளி சேர்ந்தபொழுது அங்கே தமிழாசிரியராயிருந்தவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளை. தமிழ்மேற் காதலை அம்மாணவர் நெஞ்சில் ஊன்றியவர் அவரே. அவ்வாசிரியர்மீது அருட்பா மருட்பாப் போராட்டத்தில் வழக்குத் தொடரப்பட்டது. அவர் பக்கம் நின்ற மாணவர் 1904-இல் மெட்ரிகுலேஷன் தேர்வை இழந்தார். ஆசிரியத் தொழில் புரியும் யாம் இச்செய்தியைப் படிக்குந்தோறும் சற்றே தயங்குவதுண்டு. எம் மாணவர் ஒருவர் எம்பொருட்டுத் தேர்வை விடுத்தால் யாம் அதனை ஏற்போமா? ஏற்கமாட்டோம். ஆயினும் அன்பு கணக்குப் பார்க்கும் இயல்பினதன்று.

ஸ்பென்ஸர் கம்பெனியிற் சிறிது காலம் கணக்கர் வேலை பார்த்தார். பின்னர் ஆயிரம்விளக்கு வெஸ்லி பள்ளியில் ஆசிரியரானார். அதன்பின் வெஸ்லி கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராய் உயர்ந்தார். 1912-இல் கமலாம்பிகை அம்மையாரை மணந்தார். மனைவியார்க்குத் தாமே தமிழ் கற்பித்தார். பகல் முழுதும் பிறர் பிள்ளைகட்குப் பாடஞ் சொல்லி, இல்லம் திரும்பியபின் மனைவிக்குப் பாடஞ் சொல்லிய ஆசிரியர் அக்காலத்தில் எத்துணைப் பேர் இருந்திருப்பர்? எம் தொழிலினரே விடை கூறட்டும். இருவர் மக்கள் பிறந்தனர். இருவரும் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தனர்.

1917 டிசம்பரில் கல்லூரி வேலையைத் துறந்து, தேசபக்தன் என்னும் நாளிதழுக்கு ஆசிரியரானார். பத்திரிகைத் தமிழ் ஆங்கிலச் சொற்களாலும் வடசொற்களாலும் நெருங்கியிருந்த நாளில், அரசியலைத் தூய எளிய தமிழில் எழுதிக்காட்டிய பெருமை அவ்விதழுடையது. 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, பி. பி. வாடியா தலைவர், இவர் துணைத்தலைவர்களுள் ஒருவர். பகலில் இதழ், மாலையில் கூட்டம். அதே ஆண்டிலேயே கமலாம்பிகை அம்மையார் எலும்புருக்கி நோயால் உயிர் நீத்தார். மணந்து ஆறாண்டுகளே கழிந்திருந்தன. ஊர் அவரைத் தலைவரென்று கொண்டாடத் தொடங்கிய அவ்வாண்டு அவர் இல்லம் வெறிதாயிற்று. அப்பொழுது அவர்க்கு வயது முப்பத்தைந்து. அவ்வயதில் மனைவியை இழந்த ஆடவர் ஆண்டு திரும்புமுன் மறுமணம் புரிதல் அன்றைய வழக்கு. அவரோ மறுமணம் வேண்டாது இறுதிவரை தனித்தே வாழ்ந்தார்.

1920 அக்டோபரில் நவசக்தி என்னும் கிழமை இதழைத் தொடங்கினார். கல்கி என்று பின்னாளில் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி எழுத்துப்பயிற்சி பெற்ற இடம் அதுவே, வெ. சாமிநாத சர்மாவும் அவரிடம் துணையாசிரியராயிருந்தவர். அரசியல், சமயம், தொழிலாளர் நலம் என்பவற்றோடு பெண்மக்கள் நிலையும் இல்வாழ்க்கையும் அவர்தம் எழுத்தில் நீங்கா இடம் பெற்றன. குடும்பச் செய்தி அடுக்களைப் பேச்சென்று இதழாசிரியர் பலர் ஒதுக்கிய காலம் அது. திரு. வி. க. அங்ஙனம் ஒதுக்கினாரல்லர். நாட்டின் விடுதலையும் வீட்டின் விடுதலையும் ஒன்றென்பது அவர் துணிபு.

அத்துணிபு முழுநூலாய் வெளிப்பட்டது 1927-இல். பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத்துணை என்பது அதன் பெயர். பெண்மை தாய்மையாக முதிர்ந்து, தாய்மை இறைமையாகக் கனியும் என்பது அந்நூலின் உயிர்க்கருத்து. பெண்ணை மாயையென்றும் பேயென்றும் பழித்த பழைய பாடல்களை அவர் கண்டித்தார். அவரோ சைவநூல்களிற் றோய்ந்தவர். தம் சமயத்தார் போற்றும் பாடல்களையே மறுத்துக் கூறுதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! இல்லறம் வீடுபேற்றுக்குத் தடையன்று, வழியே என்றார். குழந்தை மணத்தைக் கடிந்தார்; கைம்பெண்கள் மறுமணம் புரிதற்குரியர் என்றார்; பெண்ணுக்குக் கல்வியும் சொத்தும் வேண்டுமென்றார். பெண்களின் மண வயது பதினான்கெனச் சாரதா சட்டம் விதித்தது 1929-இலேயாம். அது நடைமுறைக்கு வந்தது 1930-இல். சட்டம் வருமுன்னரே அந்நூல் தமிழ்க் குடும்பங்களிற் புகுந்துவிட்டது.

ஈண்டு எம் கருத்து வேற்றுமையொன்றையும் மறையாது கூறுவோம். பெண்மையின் முடி தாய்மையே என்று அவர் கொண்டமை எமக்கு முற்றும் உடன்பாடன்று. மகப்பேறில்லா மங்கையரைச் சுபகாரியங்களில் ஒதுக்கிவைக்கும் கொடுமையை நம் தெருக்களில் யாமே கண்டிருக்கின்றோம். அன்னார் அந்நூலைப் படித்தால் என்ன நினைப்பர்? ஆனால், எழுதியவரோ தம் இரு மக்களையும் புதைத்தவர் என்பதை மறத்தலாகாது. தாம் இழந்ததையே அவர் உயர்த்திப் பாராட்டினார் போலும்.

எம் இல்லத்திலும் அந்நூலின் பிரதியொன்று உண்டு. எம் பெற்றோர் திருமணத்தின்போது நண்பர் ஒருவர் பரிசாக அளித்தது. எந்தையார் தறி நெய்தவர். கோர்வைச் சேலை நெய்யுங்கால் கரையின் நாடாவை எறிதற்குப் பக்கத்தே ஓர் ஆள் வேண்டும். அவ்வாள் அந்நாளிற் பெரும்பாலும் சிறுபிள்ளையே. எமக்கு ஒன்பது வயதாகும்வரை அவ்விடத்தில் இருந்தவர் யாமே. மூன்றாம் வகுப்பில் யாம் பள்ளிக்குப் போன நாளினும் போகாத நாளே மிகுதி. ஒருநாள் காலையில் எம் அன்னையார் வந்து எம்மைக் கைப்பிடித்துத் தறியடியினின்றும் எழுப்பினார். எந்தையார் வெகுண்டார், முகூர்த்தச் சேலை, நாள் குறித்தாயிற்று என்றார். அன்னையார் ஒன்றும் பேசாமல் தாமே அவ்விடத்தில் அமர்ந்து நாடாவைக் கையிலெடுத்தார். அன்று முதல் சமையலையும் தறித்துணையையும் அவர் ஒருவரே தாங்கினார். அவர் அந்நூலைப் படித்தவரா என்று யாம் கேட்டதில்லை. இப்பொழுது கேட்டறிய அவரும் இல்லை. அதன் அட்டையில் அடுக்களை மஞ்சட்கறை படிந்திருத்தல் மட்டும் உண்மை.

திரு. வி. க. அவர்களின் முதுமை கொடியது. பி அண்டு சி ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை முன்னிட்டு 1947-இல் அவர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். நாடு விடுதலை பெற்ற ஆண்டில், விடுதலைக்குழைத்த முதியவர்க்கு நேர்ந்தது இது! பின்னர்க் கண்ணொளி குன்றியது. ஆயினும் எழுத்து நிற்கவில்லை. தாம் சொல்லப் பிறர் எழுத நூல்கள் வெளிவந்தன. இருளில் ஒளி, முதுமை உளறல், படுக்கைப் பிதற்றல் என்று அவற்றிற்குப் பெயரிட்டார். தம் தளர்ச்சியைத் தாமே எள்ளி நகைக்கும் அப்பெயர்களைக் காணுங்கால் எமக்கு நகையும் வருகின்றது, கண்ணீரும் வருகின்றது.

மனைவி மக்களை இழந்து முப்பத்தைந்து ஆண்டுகள் தனித்திருந்து, பிறர் இல்லங்கள் செழிக்க எழுதிய அப்பெரியார், 1953 செப்டம்பர் 17-ஆம் நாள் சென்னையில் இயற்கை எய்தினார். அவரது நூல் இன்றும் அச்சில் உள்ளது. எம் இல்லத்துப் பிரதியைப் படிக்க விழைவோர் ஞாயிறு காலையில் வந்து பெற்றுக்கொள்ளலாம். மஞ்சட்கறையைத் துடைக்காமல் திருப்பித்தருதல் வேண்டும்.