நூலகத் தந்தை சீர்காழி இரங்கநாதன்

பெரியோர் சரித்திரத்தை மாணவர் முன் வைக்கும்பொழுது, அவர்கள் இளமையிலேயே தம் இலட்சியத்தைக் கண்டு அதனை நோக்கி நேரே நடந்தனர் என்று காட்டுதல் வழக்கம். இந்திய நூலகத் துறையின் தந்தையெனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களின் வாழ்க்கையோ அத்தகையதன்று. முப்பது வயது கடக்கும் வரை நூலகராதல் அவர் சிந்தையிலே தோன்றியதில்லை. தோன்றிய பின்னரும் அவர் அதனை விரும்பினாரல்லர். அவர் வாழ்க்கையை நாம் ஈண்டு எடுத்துரைக்க முற்படுவது அக்காரணம் பற்றியே.

திருஞானசம்பந்தர் அவதரித்த சீர்காழியில் 1892 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் இராமாமிருத ஐயருக்கும் சீதாலட்சுமி அம்மையாருக்கும் மகனாக அவர் பிறந்தார். ஆறு வயதிலே தந்தையை இழந்தார். அவ்வூர் இந்து உயர்தரப் பாடசாலையிற் பயின்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் சேர்ந்து, 1913 இல் இளங்கலைப் பட்டத்தையும் 1916 இல் கணித முதுகலைப் பட்டத்தையும் பெற்றார். கணிதப் பேராசிரியர் எட்வர்ட் றொஸ் அவரைத் தம் மகவெனப் பேணினார். சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்றபின், 1917 முதல் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும், 1921 முதல் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். மாணவர் சூழ வாழ்வதே அவருக்குப் பேரின்பம்.

1923 இல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் ஒருவரைத் தேடிற்று. கல்லூரி ஆசிரியர் பெற்ற ஊதியத்திலும் அப்பதவியின் ஊதியம் மிகுதி. நண்பர் தூண்டுதலால், மனம் முழுதும் பொருந்தாமலே இரங்கநாதன் விண்ணப்பம் அனுப்பினார்; பின் அதனை ஏறக்குறைய மறந்தும் போனார். விண்ணப்பித்தோர் தொகை 900 வரை இருந்ததென்பர். அவர்களுள் நூலகப் பயிற்சி பெற்றவர் எவருமிலர். நேர்முகப் பரீட்சைக்குச் சில நாள் முன்னர்ப் பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்ததே நம்மவருக்கு அத்துறையில் இருந்த அறிவு. எனினும் அவர் எழுதிய கணித ஆராய்ச்சிக் கட்டுரைகள் துணை நின்றன. பதவி அவருக்கே கிடைத்தது.

1924 சனவரியிற் பொறுப்பேற்றார். சில நாளிலேயே வெறுப்பு மேலிட்டது. வகுப்பறையின் ஆரவாரம் எங்கே, வாசகர் வாராத அந்நூல்நிலையத்தின் மௌனம் எங்கே! மீண்டும் ஆசிரியத் தொழிலுக்கே அனுப்பிவிடுமாறு மேலோரை வேண்டினார். அவர்கள் மறுக்கவுமில்லை, உடனே இசையவுமில்லை. முதலில் இலண்டன் சென்று நூலகவியல் கற்று வருக; திரும்பிய பின்னரும் மனம் மாறாதாயின் பழைய பதவிக்குச் செல்லலாம் என்று ஓர் ஒழுங்கு செய்தனர்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1919 இல் நிறுவப்பட்ட நூலகவியற் பாடசாலை ஒன்றே அக்காலப் பிரித்தானியாவிற் பல்கலைக்கழக நிலையில் அக்கலையைக் கற்பித்தது. அங்கே இரங்கநாதன் முதன்மை மாணவராக விளங்கினாரல்லர். அவர் பெற்ற புள்ளிகள் நடுத்தரத்திற்குச் சற்றே மேற்பட்டன. ஆயினும், குறொய்டன் நகர நூலகரும் நூற்பகுப்புக் கலையில் வல்லுநருமான பேர்விக் சேயர்ஸ் என்னும் ஆசிரியர் அவர் உள்ளத்தைத் திறந்துவிட்டார். நூறு நூலகங்களுக்கு மேல் அவர் சென்று பார்த்தார். தொழிலாளரும் பெண்டிரும் சிறுவரும் தத்தமக்கு வேண்டிய நூலை எடுத்துச் செல்லும் காட்சியைக் கண்டார். சென்னையில் தாம் வெறுத்த மௌனம் நூலகத்தின் இயல்பன்று, அதனை நடத்தியோரின் குறையே என்பது அவருக்கு அங்கேதான் விளங்கிற்று. நூலகரும் ஓர் ஆசிரியரே. அவருடைய வகுப்பு ஊர் முழுவதும் என்று உணர்ந்தார்.

பகுப்புக் கலையிலும் அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. அமெரிக்கராகிய மெல்வில் டூயி வகுத்த தசமப் பகுப்பு, ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண்ணைக் குறித்து வைப்பது. புதிய பொருள் தோன்றின் அதற்கு இடம் காண்பது அரிது. இவ்வையம் மனத்திருக்க, இலண்டன் செல்பிறிட்ஜ் கடையிலே மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். ஒரு சில துண்டுகளைத் திருகாணி கொண்டு பலவாறு பூட்டிப் பலப்பல உருவங்கள் செய்தல் போல, பொருட்கூறுகளைப் பூட்டி எண் அமைத்தால் என்னவென்று கணித உள்ளம் வினாவிற்று. யாழ்ப்பாணத்துப் புகையிலைப் பயிரின் நோய் பற்றி ஒரு நூல் உளதாயின், பயிர், நோய், இடம் என அதன் பொருளைக் கூறுபடுத்தி, ஒவ்வொரு கூற்றுக்கும் குறியிட்டு, அவற்றை இணைத்துவிடலாம். இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியைக் கொண்டமையால் அது கோலன் பகுப்பு எனப்பட்டது. 1933 இல் அது நூலாக வெளிவந்தது.

1925 இல் தாயகம் திரும்பியவர் பழைய பதவியைக் கேட்கவில்லை. அடுத்த இருபதாண்டுகளாகச் சென்னைப் பல்கலைக்கழக நூலகமே அவருக்கு இல்லமாயிற்று. பூட்டிய அலுமாரிகளைத் திறந்து வாசகரைத் தட்டுகளிடையே உலவவிட்டார். திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். நூல் பயன்படுதற்கே உரியது என்பதில் தொடங்கி, நூலகம் வளரும் உயிர் என்பதில் முடியும் ஐந்து விதிகளை 1931 இல் நூலாக்கி வெளியிட்டார். 1928 இல் அமைந்த சென்னை நூலகச் சங்கத்தின் வழியாக அவர் இடைவிடாது உழைத்ததன் பயனாய், 1948 இல் சென்னை மாகாணத்திற் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று.

எனினும், தாம் கடல் கடந்து பெற்ற பயிற்சியைப் பின்வருவோர் தம் நாட்டிலேயே பெறவேண்டுமென அவர் கொண்ட வேட்கையே எல்லாவற்றினும் பெரிதென்பது எம் கருத்து. 1929 இல் சென்னையில் கோடைகாலப் பயிற்சியைத் தொடங்கினார். அது வளர்ந்து பட்டதாரிகளுக்குரிய தகைமைச் சான்றிதழ் வகுப்பாயிற்று. 1947 இல் தில்லிப் பல்கலைக்கழகம் சென்று, முதுகலைப் பட்டத்திற்கும் கலாநிதிப் பட்டத்திற்கும் வழி வகுத்தார். தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாவைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஈந்து, தம் துணைவியார் சாரதா அம்மையார் பெயரால் நூலகவியற் பேராசிரியர் பதவியை நிறுவச் செய்தார். 1962 இல் பெங்களூரில் ஆராய்ச்சி, பயிற்சி நிலையமொன்றை ஏற்படுத்தினார். 1957 இல் பத்மஸ்ரீ விருதும், 1965 இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியும் அவரை வந்தடைந்தன. 1972 செத்தெம்பர் 27 ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவருக்கும் எம் மண்ணுக்கும் உள்ள தொடர்பு நினைவில் நிறுத்தத்தக்கது. 1950களில் யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்குக் கட்டடம் எழுப்ப முனைந்தோர் நாடிய ஆலோசகர் இரங்கநாதனே. 1959 இல் திறக்கப்பட்ட அந்நூலகம் 1981 இல் எரியுண்டு, ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. கட்டடத்தை மீள எழுப்பினோம். நூல்களும் பல திசைகளிலிருந்து வந்தன. ஆனால், எஞ்சிய ஏடுகளைத் தேடிச் சேர்த்து, பகுத்து, பேணி, உரியவர் கையில் உரிய வேளையிற் கொடுக்க வல்ல மனிதரைக் கல்லும் சுண்ணமும் தாரா. அவர்கள் பயின்றே வரவேண்டும்.

அப்பயிற்சிக்கு இன்று இலண்டன் செல்லவேண்டியதில்லை. களனிப் பல்கலைக்கழகத்திலும், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகத்திலும் அக்கல்வி உண்டு. கணிதமோ தமிழோ தாவரவியலோ கற்றுப் பட்டம் பெற்ற எம் மாணவர், வேறு உத்தியோகம் வாய்க்காதோர் செல்லும் துறையென இதனை எண்ணிப் புறக்கணித்தல் தகாது. கற்ற பாடம் எதுவாயினும் அது இத்துறையில் வீணாவதில்லை; இரங்கநாதனின் கணிதமே அதற்குச் சான்று. விண்ணப்பம் எழுதும் நாளிலேயே உள்ளம் முழுதும் ஒன்றவேண்டும் என்பதுமில்லை. ஐயத்தோடு சென்றாலும், கண்ணைத் திறந்துவைத்துக் கற்பவனுக்குத் தொழில் தன் முகத்தைக் காட்டும்.

பழைய மாணவராகிய நாம் இவ்விழா ஆண்டிலே கல்லூரிக்குக் கட்டடமும் கருவியும் வழங்க முன்வந்துள்ளோம். அவற்றுடன், நூலகவியல் கற்க விழையும் மாணவர் ஒருவருக்கேனும் கைகொடுப்போமாயின், சீர்காழிப் பெரியார் தம் சேமிப்பைக் கொண்டு செய்த அறத்தில் நாமும் ஒரு சிறு பங்கு கொண்டவராவோம்.