ஏர்போர்ட்டில் கேட்கும் மஞ்சள் அட்டை: யார் இந்த மேக்ஸ் தைலர்?

நைஜீரியாவுக்கோ பிரேசிலுக்கோ ஆபீஸ் வேலையாகப் போய்விட்டு இந்தியா திரும்பினால், பாஸ்போர்ட்டோடு ஒரு மஞ்சள் அட்டையையும் கேட்பார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான சான்று அது. கையில் இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். இந்தியாவில் இந்தக் காய்ச்சல் கிடையாது. ஆனால், இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு இங்கே தாராளமாக உண்டு. டெங்குவைப் பரப்புகிற அதே கொசுதான். வைரஸ் மட்டும் வந்து சேர்ந்தால் போதும். கெடுபிடிக்கு இதுதான் காரணம்.

அந்தத் தடுப்பூசியை உருவாக்கிய மேக்ஸ் தைலர், 1899-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர். அப்பா பெயர்பெற்ற கால்நடை விஞ்ஞானி. லண்டனில் மருத்துவம் படித்த தைலர், 1922-ல் ஆய்வு செய்ய அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார்.

மஞ்சள் காய்ச்சலுக்கு ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று அப்போது சொல்லிக்கொண்டிருந்தவர், உலகப் புகழ்பெற்ற ஜப்பானிய விஞ்ஞானி ஹிடேயோ நொகுச்சி. அதை வைத்துத் தடுப்பூசியே போட்டுக்கொண்டிருந்தார்கள். அது வேறொரு நோயின் கிருமி என்று 1926-ல் தைலரும் சக ஆய்வாளரும் காட்டினார்கள். இளைஞர் சொன்னதுதான் சரி. ஆப்பிரிக்காவுக்கே போய் ஆராய்ந்த நொகுச்சி, 1928-ல் அக்ராவில் அதே மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார்.

காரணம் வைரஸ் என்று தெரிந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. சோதனைக்குக் குரங்குதான் வேண்டும், செலவு எக்கச்சக்கம். சாதாரண வெள்ளெலியின் மூளையில் வைரஸைச் செலுத்தினால் போதும் என்று கண்டுபிடித்தார் தைலர். அந்த ஆய்வின்போது, 1929-ல், அவருக்கே மஞ்சள் காய்ச்சல் வந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். எந்தெந்த நாட்டு மக்களின் ரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறது என்று அலசவும் எலிச் சோதனைதான் கைகொடுத்தது. நோய் எங்கெங்கே இருக்கிறது என்ற வரைபடம் அப்படித்தான் உருவானது.

1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்கு மாறினார். அசிபி என்ற ஆப்பிரிக்கரின் ரத்தத்திலிருந்து எடுத்த கொடிய வைரஸை, மூளையும் தண்டுவடமும் நீக்கிய கோழிக்கருத் திசுவில் திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். நூறு தடவைக்கு மேல்! வைரஸ் சாதுவானது, எதிர்ப்பு சக்தி தரும் குணம் மட்டும் போகவில்லை. 1937-ல் வந்த இந்த வகைக்கு 17டி என்று பெயர்.

எல்லாம் சுமுகமாகப் போய்விடவில்லை. 1942-ல் தடுப்பூசி போட்ட அமெரிக்க வீரர்கள் பல்லாயிரம் பேருக்கு மஞ்சள்காமாலை வந்தது. தப்பு 17டி வைரஸில் இல்லை. மருந்தில் சேர்த்திருந்த மனித சீரத்தில் ஹெப்படைடிஸ் பி கலந்திருந்தது. சீரத்தை நீக்கிய பிறகே பிரச்சினை ஓய்ந்தது.

1951-ல் தைலருக்கு நோபல் பரிசு. 1972-ல் காலமானார். இன்றும் போடப்படுவது 17டி வழிவந்த ஊசிதான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வேலையும் 2016-லிருந்து இல்லை. ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். ஆனால், முதல்முறை ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். டிக்கெட் போடும்போதே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.