பிரெடெரிக் ஸெர்ட்யூர்னர்

பிணியாளரின் வேதனை தணிய உழைத்த ரஸாயன வல்லாருள் பிரெடெரிக் ஸெர்ட்யூர்னர் முன்வைத்து எண்ணத்தக்கவர். ஜெர்மனி தேசத்துப் பாடர்போர்ன் நகரின் அருகே 1783-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், இளமையிலேயே தந்தையை இழந்து, அந்நகரத்து மருந்துசாலையொன்றில் தொழில் பயிலப் புகுந்தார். சர்வகலாசாலையிற் பயின்றவரல்லர்.

அக்காலத்து வைத்தியர் நோவுக்கு அபினியை வழங்கினர். அதன் வீரியம் சரக்குக்குச் சரக்கு வேறுபட்டமையால், ஒருவருக்குப் பயன்படாத அளவே மற்றொருவரின் உயிருக்கு இறுதியாயிற்று. இக்குறையைக் களையக் கருதிய இளைஞர், அபினிச் சாற்றில் அம்மோனியாவைச் சேர்த்து, உறக்கந்தரும் சத்தைப் பளிங்குகளாகப் பிரித்தெடுத்தார். 1805-ஆம் ஆண்டு முதல் இதனை எழுதி வெளியிட்டும், கற்றோர் பொருட்படுத்திலர்.

அவர் சோர்ந்தாரல்லர். தாமும் இளைஞர் மூவருமாக அச்சத்தை உட்கொண்டு, அளவு மிஞ்சியமையால் மயங்கி, காடியருந்தி வாந்தியெடுத்து உய்ந்தனர். கனவுத் தெய்வமாகிய மார்ஃபியஸின் பெயரை அதற்கிட்டு, 1817-இல் மீண்டும் வெளியிட்டார். பிரெஞ்சு அறிஞர் கே-லுஸாக் அதன் அருமையை யாவருமறியச் செய்தார். தாவரங்களினின்று பிரிக்கப்பெற்ற முதல் ஆல்கலாய்டாகிய மார்ஃபின் இதுவே. ஜெனா சர்வகலாசாலை அவ்வாண்டே டாக்டர் பட்டம் நல்கியது. பாரிஸ் நகரத்துக் கலைக்கழகம் 1831-இல் 2,000 பிராங்கு பரிசளித்தது. 1841-இல் ஹாமெல்ன் நகரில் அவர் காலமானார்.

இருபதை யொட்டிய பிராயத்து உழைப்புக்குப் பரிசு வந்தபோது, அவருக்கு வயது 48. மருந்து ரஸாயனத்தில் இளம் ஆராய்ச்சியாளருக்குத் தொடக்கத்திலேயே பரிசளிக்கும் இக்கால வழக்கத்தின் தகுதியை இவ்வரலாற்றால் நாம் உணர்கின்றோம். பரிசு தாழ்ப்பினும் பணி தாழ்த்தலாகாது என்பதையும் உடன் உணர்கின்றோம்.