பாரதியாரும் கருத்துப்படமும்

பாரதியார் என்றதும் முண்டாசும் முறுக்கு மீசையும் நம் கண்முன் தோன்றுகின்றன. தமிழ் வாசகனுக்குப் படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் படிக்கக் கற்றுத் தந்தவர் அவர் என்பதை, கல்லூரிக்கு வந்த பின்னரே நான் அறிந்தேன்.

எட்டயபுரத்தில் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் சுப்பிரமணியன். இளமையிலேயே தாயை இழந்தார். பதினோராம் வயதில் பாரதி என்னும் பட்டம் பெற்றார். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்து, பின் சென்னையில் ‘சுதேசமித்திரன்’ இதழில் உதவியாசிரியரானார்.

1906இல் ‘இந்தியா’ வார இதழ் பிறந்தது. தமிழ்ப் பத்திரிகைகளில் அரசியல் கருத்துப்படம் வழக்கில் இல்லாத காலம் அது. நாட்டு மக்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ‘இந்தியா’வோ இதழ்தோறும் படங்களால் பேசியது. கோடுகள் ஓவியருடையவை, கருத்து பாரதியாருடையது. படத்தோடு நில்லாமல், அதன் பொருளை விளக்கும் குறிப்பும் இதழில் வெளிவந்தது. படம் கண்ணைப் பிடித்து நிறுத்தும். எழுத்து அதன் பொருளைச் சொல்லும்.

அப்படங்களின் தொகுப்பை நூலகத்தில் கண்டு மகிழ்ந்த நான், என் பேராசிரியரிடம் வியந்து பேசினேன். அவர் புன்னகைத்து, இதில் மிதவாதிகளின் நியாயம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் வாயடைத்து நின்றேன். பாரதியார் திலகரின் அணியைச் சேர்ந்தவர்; அவருடைய படங்களும் அந்த அணியின் பக்கமே நின்று பேசின. அவர்மீது நான் கொண்ட பக்தி என் கண்ணை மறைத்துவிட்டது! மீண்டும் புரட்டினேன். யாரைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள், யாரைச் சிறுமைப்படுத்தியிருக்கிறார்கள், விளக்கம் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்த்தேன். பாரதியார்மீது என் மதிப்பு குறையவில்லை. என் படிப்புத்தான் வளர்ந்தது.

அந்த எழுத்துக்கு விலையும் இருந்தது. 1908இல் இதழின் ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் கைதாகிச் சிறை சென்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அங்கிருந்தும் இதழ் வெளிவந்தது, 1910இல் நின்றது. கருத்துப்படங்களுக்கென்றே ‘சித்ராவளி’ என்னும் இதழ் நடத்த அவர் திட்டமிட்டார், அது கைகூடவில்லை. 1918இல் புதுச்சேரியை விட்டு வெளியேறியதும் கைதானார். விடுதலைக்குப் பின் மீண்டும் ‘சுதேசமித்திர’னில் பணியாற்றி, 1921 செப்டம்பரில் 38 வயதில் மறைந்தார்.

நண்பர்களே! இன்று நம் கைப்பேசியில் நாள்தோறும் படமும் வாசகமும் வந்து குவிகின்றன. மனம் சிந்திக்குமுன் கண் நம்பிவிடுகிறது. நமக்குப் பிடித்தவர் அனுப்பிய படத்தையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்போம். பாரதியாரின் படத்தையே கேள்வி கேட்கக் கற்றவனுக்கு வேறு எந்தப் படத்தைக் கேட்கத் தயக்கம் வரும்?