ஜோசப் பிளாக்

உலையில் இட்ட உலோகம் கனன்று சிவப்பதையும், பின்னர் உருகி நீர்போல் ஓடுவதையும் நாம் கண்டிருக்கின்றோம். ஆயின், அதனை உருக்குதற்கு எத்துணை வெப்பம் வேண்டும், எத்துணைப் பொழுது செல்லும் என்பவற்றை முன்னரே கணக்கிட இயலுமோ? இயலும் என்று வழிகாட்டிய பெரியார் ஜோசப் பிளாக் என்பவராவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1728-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்துப் போர்தோ நகரில் பிறந்தார். தந்தையார் ஸ்காத்லாந்துக் குடிவழியினர். ஆங்குத் திராட்சை மது வாணிகம் புரிந்தவர். பன்னிரண்டாம் வயதில் பெல்பாஸ்ட் நகருக்குக் கல்வி பயில அனுப்பப்பெற்ற பிளாக், பின்னர்க் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் வில்லியம் கல்லன் என்னும் நல்லாசிரியரை அடைந்து இரசாயனம் கற்றார். 1754-இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றார். கரியமிலவாயு நாம் உயிர்க்கும் காற்றினின்று வேறானதென்று நிறுவியதும் அக்காலத்தேயாம். கல்லன் எடின்பரோ சென்றபின், 1756-இல் கிளாஸ்கோவில் அவரிடத்தைப் பெற்றார்.

பனிக்கட்டி உருகும் நிலையை எய்தியபின், மிகச் சிறிது வெப்பத்தாலேயே முற்றும் உருகிவிடும் என்று அக்காலத்தார் நம்பியிருந்தனர். பிளாக் இதனை ஐயுற்றார். அங்ஙனமாயின், வசந்தகாலத்து முதல் வெயிலிலேயே மலைப்பனி அனைத்தும் ஒருங்கே உருகி, பெருவெள்ளமாய் ஊர்களை அழித்திருக்க வேண்டுமன்றோ?

எனவே அவர் சோதனையில் இறங்கினார். ஒத்த இரு கண்ணாடிக் குடுவைகளில் சம எடையுள்ள நீரை எடுத்து, ஒன்றைப் பனிக்கட்டியாக உறையச் செய்தார். மற்றதை 33 பாகை பாரன்ஹீட் அளவிற்குக் குளிர்வித்தார். இரண்டையும் 47 பாகை வெப்பநிலையுள்ள கூடத்தில் வைத்தார். நீர் அரைமணிப் பொழுதில் 7 பாகை ஏறி 40 பாகையை அடைந்தது. பனிக்கட்டியோ உருகி அந்நிலையை அடைதற்குப் பத்தரை மணி, அதாவது 21 அரைமணிகள் சென்றன. ஒவ்வோர் அரைமணியிலும் 7 பாகைக்குரிய வெப்பம் புகுந்ததெனக் கொள்ளின், மொத்தம் 147. அவற்றுள் 32-இலிருந்து 40 வரை ஏறுதற்கு 8 கழிய, எஞ்சிய 139 பாகைக்குரிய வெப்பம் உஷ்ணமானிக்குப் புலப்படாது உருகுதலிலேயே மறைந்தது. இன்றைய அளவு ஏறக்குறைய 144. இதனையே உள்ளுறை வெப்பம் என்பர். 1762-இல் இதனைக் கிளாஸ்கோ அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். வெவ்வேறு பொருள்கள் ஒரே பாகை ஏறுதற்கு வெவ்வேறளவு வெப்பம் கொள்ளும் என்பதையும் அவர் தெளிவித்தார்.

இவ்விரண்டுமே உலோகக் கணக்கின் அடிப்படைகள். 1 கிலோகிராம் ஈயத்தை 27 பாகை சென்டிகிரேடிலிருந்து உருகுநிலையாகிய 327 பாகைக்குக் கொணர ஏறத்தாழ 9½ கிலோகலோரி வேண்டும், அந்நிலையிலேயே நின்று உருகுதற்கு மேலும் 5½ வேண்டும், ஆக 15. அடுப்பு நிமிஷத்திற்கு 2 கிலோகலோரி தந்து, அதிற் பாதி வீணாகுமாயின், 15 நிமிஷம் செல்லும். அவற்றுள் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்ட பொழுது வெப்பநிலை சிறிதும் ஏறாது. இதனை அறியாதான் அடுப்பு அவிந்ததென்று மயங்குவான்.

1766-இல் பிளாக் எடின்பரோவில் பேராசிரியரானார். நீராவி இயந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட்டுக்கு அறிவுத்துணையோடு பொருளுதவியும் புரிந்தார். மணம் புரியாது வாழ்ந்து, 1799-இல் அமைதியாக உயிர்நீத்தார்.

தாம் கண்ட உள்ளுறை வெப்பத்தை அவர் நூலாக வெளியிட்டாரல்லர்; மாணவர்க்கு வாரி வழங்கியதோடு அமைந்தார். அவருடைய விரிவுரைகள் 1803-இலேயே ஜான் ராபிசன் என்னும் மாணாக்கரால் அச்சேறின. அதனால் முதன்மை எவர்க்குரியது என்னும் வழக்கும் எழுந்தது. எழுதி வைத்திருப்பின் உலகிற்கு நலமே என்று நாம் கருதுகின்றோம். ஆயினும், ஆண்டு மலரில் நம் பெயர் அச்சேறக் காண விழையும் நாம், அவர்தம் அடக்கத்தின்முன் சிறிது நாணுதல் தகும். பயன் கண்ணுக்குப் புலப்படாத பொழுதும் கற்கும் முயற்சி வீணாவதில்லை என்பதை, உருகும் ஈயமே நமக்கு உணர்த்துகின்றது.