குத்துச்சண்டை வீரர் சன்னி லிஸ்டன்

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் முதலிய வடசென்னைக் கடற்கரை ஊர்களிற் குத்துச்சண்டையென்பது செல்வர்தம் பொழுதுபோக்கன்று. துறைமுகத்திற் சுமை தூக்குவோரும், கடலில் வலை வீசுவோரும், ஆலைகளில் உழைப்போரும் தத்தம் பரம்பரையின் மானங் காக்கக் கையுறை அணிந்து நின்ற களம் அது. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்னும் பெயர்களை அப்பகுதிச் சிறுவரும் அறிவர். 1980-ஆம் ஆண்டில் முகம்மது அலி சென்னை போந்து, நேரு விளையாட்டரங்கிற் காட்சிச் சண்டை செய்து காட்டியபொழுது, மக்கள் பெருந்திரளாகக் கூடிக் கண்டு களித்தனர். அலியின் பெயரை அறியாதார் இலர். ஆயின் அவர் முதன்முதல் உலகப் பட்டத்தைக் கைப்பற்றியது யாரிடமிருந்து என்று வினவின், நம்மிற் பலர் வாய் வாளாதிருப்போம். அங்ஙனம் தோற்றவரது வாழ்க்கையையே ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுந்தோம்.

சார்லஸ் என்னும் இயற்பெயருடைய சன்னி லிஸ்டன், அமெரிக்க நாட்டின் ஆர்க்கன்சா மாகாணத்தில் ஓர் ஏழை நீக்ரோக் குடியிற் பிறந்தார். பிறந்த ஆண்டினைக் குறித்து வைப்பாரும் இலர். தந்தையார் பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுதவர். அவருக்கு மக்கள் 25 பேர். பள்ளிக்குச் செல்லும் பேறு பெறாது, தந்தையின் அடியை நாடோறும் பெற்று வளர்ந்தார் லிஸ்டன். பின்னர்த் தாயைத் தேடிச் செயிண்ட் லூயி நகரை அடைந்தார். அங்கே தீயோர் கூட்டுறவு வாய்த்தது. வழிப்பறிக் குற்றத்திற்காக 1950-இல் மிசௌரி மாகாணச் சிறை புகுந்தார்.

கெட்டொழிந்தார் என உலகம் கருதிய அவ்விடத்தேதான் அவர்க்கு வழி பிறந்தது. சிறையிற் பணி புரிந்த கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர், அவர்தம் உடல் வலிமையைக் கண்டு குத்துச்சண்டை பழகத் தூண்டினார். 1952-இல் விடுதலை பெற்ற லிஸ்டன், மறு ஆண்டே தொழில்முறைச் சண்டைக்காரரானார்.

1954-இல் மார்ட்டி மார்ஷல் என்பாரோடு பொருதபொழுது அவரது தாடையெலும்பு முறிந்தது. எனினும் அவர் களத்தை விட்டகலவில்லை. முறிந்த தாடையுடன் எட்டுச் சுற்றும் நின்று, நடுவர் கணக்கினாலேயே தோல்வியுற்றார். பின்னர் அம்மார்ஷலையே இருமுறை வென்றார். இந்நிகழ்ச்சியை அன்பர்கள் நினைவிற் கொள்க.

1962-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் சிக்காகோ நகரிற் பிளாய்டு பேட்டர்சனை முதற்சுற்றிலேயே வீழ்த்தி லிஸ்டன் உலகப் பட்டம் எய்தினார். மறு ஆண்டு நடந்த இரண்டாம் போரிலும் முதற்சுற்றிலேயே வென்றார். இவ்வளவு சிறப்பிருந்தும் அவரைப் போற்றுவார் இலர். பழைய சிறைவாசமும், காவலரைத் தாக்கியதற்காக மீண்டும் பெற்ற தண்டனையும், கள்ளக் கூட்டத்தாரின் தொடர்பும் அவரை விடாது பற்றின. பட்டம் பெற்றுத் தாம் வாழ்ந்த பிலடெல்பியா நகருக்கு மீண்ட நாளில், வரவேற்கும் கூட்டத்தை எதிர்நோக்கி விமானத்தினின்று இறங்கியவர் எவரையுங் கண்டிலர். அவ்வெறுமை அவருள்ளத்தைப் பெரிதும் புண்படுத்தியது.

1964-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் மயாமி பீச் நகரிற் காசியஸ் கிளே என்னும் 22 வயது இளைஞர் எதிர்த்து நின்றார். பின்னாளில் முகம்மது அலி எனப் பெயர் பூண்டவர் இவரே. பந்தயம் கட்டியோர் ஒன்றுக்கு ஏழாக லிஸ்டன் பக்கமே நின்றனர். அவரது தலையாய படைக்கலம் இடக்கை. கைகளை விரித்தால் 84 அங்குலம். ஆனால் கிளே நின்றவிடத்து நில்லாது சுழன்றார். முழு வலிமையுடன் வீசிய கை இலக்கினை எட்டாதபொழுது, அவ்விசை முழுவதையும் வீசியவர் தோளே தாங்க வேண்டும். லிஸ்டனது இடத்தோள் நொந்தது. மூன்றாஞ் சுற்றிற் கண்ணின் கீழ்த் தோலுங் கிழிந்தது. நான்காஞ் சுற்றின் இறுதியிற் கிளேயின் கண்களில் யாதோ பட்டு எரிந்தமையால் அடுத்த சுற்றில் அவர் தடுமாறினார். அப்பொழுதும் லிஸ்டனால் அவரை வீழ்த்தக் கூடவில்லை. ஆறு சுற்று முடிவில் நடுவர் மூவரின் கணக்குகளும் சேர்ந்து சமமாகவே நின்றன. ஏழாஞ் சுற்றுக்கு மணி ஒலித்தது. லிஸ்டன் இருக்கையைவிட்டு எழவில்லை.

உலகம் நகைத்தது. பொய்த் தோல்வி என்றனர் பலர். கோழை என்றனர் சிலர். மருத்துவர்கள் சோதித்துத் தோளின் தசைநாண் கிழிந்திருந்தமையைக் கூறினர். அரசு வழக்குரைஞரின் விசாரணையிலும் சூது நடந்ததற்குச் சான்று அகப்படவில்லை. ஆயினும் ஐயம் ஒழிந்திலது. மறு ஆண்டு லூயிஸ்டன் நகரிலே முதற்சுற்றிலேயே அவர் மீண்டும் வீழ்ந்தது அவ்வையத்தை வளர்த்தது. அதன்பின் பல போர்களில் வென்றும் பட்டம் அவரை அணுகவில்லை. 54 போர்களில் 50 வென்ற அவ்வீரர் லாஸ் வேகாஸ் நகரிலுள்ள தம் இல்லத்தில் உயிர் நீத்துக் கிடந்ததனை, 1971-ஆம் ஆண்டு சனவரி 5-ஆம் நாள் வெளியூரினின்று மீண்ட மனைவியார் கண்டார். அவரது கல்லறையில் அவர் ஒரு மனிதர் என்னுமளவே பொறிக்கப்பட்டுளது.

முறிந்த தாடையுடன் எட்டுச் சுற்றும் நின்றவரைக் கோழையென்று நாம் எங்ஙனம் துணிவோம்? அன்று அவர் பெயரற்றவர். அவருடைய வலியை ஐயுறுவார் இலர். பட்டம் பெற்றபின் அவர் வலியும் பொய்யாயிற்று. அவர் செய்த தீமைகளை நாம் மறைத்தோமல்லோம். எனினும் ஒருவன் முன்செய்த குற்றத்தைக் கொண்டு, அவன் இன்று படும் நோவையும் பொய்யென்பது நீதியாகாது. பவுல் அப்போஸ்தலர் கிறிஸ்தவ வாழ்வைக் குத்துச்சண்டைக்கு ஒப்பிட்டனர். அதனை நம் தமிழ் வேதம் சிலம்பம் என்னும் சொல்லாற் பெயர்த்துளது. அக்களத்தில் நாமனைவரும் நிற்கின்றோம். நம்முள் எவர் தோள் என்று சோரும் என்பதை யாரே அறிவார்! தேர்விலும் வாழ்விலும் எழ மாட்டாது அமர்ந்துவிட்ட தோழனைக் காணுங்கால், நகைக்குமுன் அவன் தோளைத் தொட்டுப் பார்க்கக் கற்போமாக.