இதயத்தின் மெல்லிய குரலைக் கேட்டவர்

நெஞ்சில் கை வைத்தால் இதயம் துடிப்பதை நாம் உணர்கிறோம். ஆனால் ஒவ்வொரு துடிப்பிற்கும் முன்னே அங்கு ஒரு சிறு மின்னோட்டம் எழுவதை நாம் அறிவதில்லை. மிக நுண்ணிய அந்த மின்னோட்டத்தைத் தெளிவாக அளந்து காட்டிய பெருமகனார் வில்லம் ஐன்தோவன்.

1860ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் ஜாவாத் தீவின் செமாராங் நகரில் அவர் பிறந்தார். மருத்துவரான தந்தையை ஆறாம் வயதிலேயே இழந்தார். ஆறு பிள்ளைகளுடன் தனித்து நின்ற தாய் மனம் தளரவில்லை. 1870இல் ஹாலந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் குடியேறி அவர்களை வளர்த்தார். அங்கே மருத்துவம் பயின்ற ஐன்தோவன், 25 வயதில் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

1887இல் லண்டனில் வாலர் என்னும் அறிஞர் பாதரசக் கருவியொன்றால் இதய மின்னோட்டத்தைப் பதிவு செய்திருந்தார். எனினும் அக்கருவி வேகமான மாற்றங்களைத் தெளிவாகக் காட்டவில்லை. ஐன்தோவன் பல ஆண்டுகள் உழைத்துப் புதுக் கருவி படைத்தார். ஆற்றல்மிக்க மின்காந்தத்தின் முனைகளுக்கிடையே, வெள்ளி பூசிய மிக மெல்லிய குவார்ட்ஸ் இழையைக் கட்டினார். இதய மின்னோட்டம் அதில் பாயும்போது காந்தப்புலம் இழையை அசைக்கும். அதன் நிழல், நகரும் ஒளிப்படத் தகட்டில் கோடாகப் பதியும். நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்து அமர்ந்திருப்பார். சுமார் 270 கிலோ எடையுள்ள அக்கருவியை இயக்க ஐவர் வேண்டியிருந்தது! அதனை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல இயலாததால், ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து கம்பி வழியாகவே நோயாளியின் இதயச் செய்தியை வரவழைத்தார்.

1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கருவியை உருவாக்குகையில் துணை நின்ற வான் டெர் வூர்ட் என்னும் உதவியாளரை அப்போது அவர் நினைத்தார். அவரோ இறந்துவிட்டிருந்தார். வறுமையில் வாடிய அவருடைய சகோதரியர் இருவரைத் தேடிக் கண்டு, பரிசுத் தொகையில் பாதியை ஐன்தோவன் வழங்கினார் என்பர்.

1927 செப்டம்பர் 29ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய தேடல் நிற்கவில்லை. மின்னோட்டம் உள்ள இடத்தில் காந்தப்புலமும் உண்டன்றோ? நம் இதயத்தின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கே. 1963இல் அமெரிக்காவில் பவுல், மக்ஃபீ என்னும் இருவர், இருபது லட்சம் சுற்றுகள் கொண்ட கம்பிச் சுருள்களால் அதையும் அளந்தனர்.

தோழியரே! உடலுக்குள் ஒலிக்கும் மெல்லிய குரலைக் கேட்ட அம்மேதைக்கு, உலகம் மறந்துவிட்ட இரு ஏழைப் பெண்களின் குரலும் கேட்டது. அறிவை வளர்க்கும் நாம், நமக்குத் துணை நின்றோரை மறவாத நன்றியையும் வளர்ப்போமாக!